ஒத்துக்காரரின் மூச்சு, தவில்காரரின் தோள்

நாகஸ்வரக்காரர் உட்கார்ந்து வாசிப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. சபா மேடையில் ஜமக்காளத்தின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து அவர் தோடி வாசிப்பதை யூட்யூபில் பார்க்கிற நமக்கு அது சாதாரணக் காட்சி. நூறு வருடத்துக்கு முன்னால் அப்படி இல்லை. கோயில் வீதியில் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். மாப்பிள்ளை அழைப்பில் நின்று நின்று வாசிக்க வேண்டும். சுவாமி நிற்கிற இடத்தில் நிற்க வேண்டும், நகர்ந்தால் நகர வேண்டும். வாய்ப்பாட்டுக்காரர் உட்கார்ந்த ஊரில் நாயனக்காரர் நின்றார். இரண்டு பேருக்கும் ராகம் ஒன்று, தாளம் ஒன்று. முதுகுதான் வேறு.

இசைக் கலைஞர்களுக்கு வரும் வலியைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். கழுத்தை இப்படி வை, தோளைத் தளர்த்து, மூச்சை அடிவயிற்றிலிருந்து எடு என்று இன்ஸ்டாவில் பாடமே நடக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு கலைஞர் எப்படி உட்காருவார், எப்படி நிற்பார், தோளில் என்ன போட்டுக்கொள்வார் என்பதை உடற்கூறு தீர்மானிக்கவில்லை. எந்தத் தெருவில் பிறந்தார், யார் வீட்டு வாசலில் வாசித்தார் என்பதுதான் தீர்மானித்தது. அதனால் நம் ஊரில் வலியின் வரலாற்றை எழுத வேண்டுமென்றால் இருக்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வயலினை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் அது நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ வாசிக்கிற வாத்தியம். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1859), குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்த காலத்தில், ஓர் ஐரோப்பியரிடம் அதைக் கற்றுக்கொண்டார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதைத் திருவாங்கூர் அரண்மனைக்குக் கொண்டுபோனார். கர்நாடக சங்கீதத்துக்குள் வந்த வயலின் தரையில் உட்கார்ந்துவிட்டது. அதன் அடிப்பகுதி வாசிப்பவரின் இடது தோளுக்கும் மார்புக்கும் பக்கத்தில், தலைப்பகுதி வலது கணுக்காலின் மேல். பார்க்கச் சின்ன மாற்றம் மாதிரி இருக்கும், ஆனால் இதில் பெரிய புத்திசாலித்தனம் ஒன்று உண்டு. மேற்கத்திய முறையில் வாத்தியத்தை முகவாயாலும் தோளாலும் பிடித்தாக வேண்டும். அதற்கு உதவியாக முகவாய்க்கட்டையை ஜெர்மானிய வயலின் கலைஞர் லூயி ஷ்போர் 1820 வாக்கில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நம்மவர்கள் அந்த வேலையைக் கணுக்காலிடம் கொடுத்துவிட்டார்கள். இடது கைக்கு வாத்தியத்தைத் தாங்கும் பொறுப்பே இல்லை. கமகத்துக்காகத் தந்தி முழுக்க மேலும் கீழும் வழுக்கலாம். கழுத்து தப்பித்தது. பதிலுக்கு இடுப்பும் முழங்காலும் மாட்டிக்கொண்டன. மூன்று மணி நேரம் சம்மணம் போட்டுக் கொஞ்சம் முன்னால் குனிந்து இருந்து பார்த்தால் தெரியும்.

இருந்தாலும் வயலின்காரருக்கு உட்காரும் உரிமை முதல் நாளிலிருந்தே இருந்தது. அரண்மனையிலும் அக்ரகாரத்திலும் பாடகர் பக்கத்திலேயே அவருக்கும் இடம் போட்டார்கள். எந்த உட்காரல் வசதி என்று யோசிக்க அவர்களால் முடிந்ததற்குக் காரணம், உட்காரலாமா கூடாதா என்ற கேள்வியே அவர்களுக்கு வரவில்லை என்பதுதான்.

*

வயலினைச் சொல்லிவிட்டு யெஹூதி மெனுயினைச் சொல்லாமல் போக முடியாது. நேருவின் அழைப்பில் 1952இல் இந்தியா வந்தபோது அவர் உலகப் புகழின் உச்சியில் இருந்தார். உடம்பு மட்டும் ஒத்துழைக்கவில்லை. களைப்பு, தசை இறுக்கம், சரியான தூக்கமில்லை. பம்பாயில் பி.கே.எஸ். ஐயங்கார் என்ற யோக ஆசிரியரைச் சந்திக்கச் சில நிமிடங்கள் ஒதுக்கினார். ஐயங்கார் அவரைப் படுக்கவைத்து சவாசனத்தில் ஆழ்த்த, மனிதர் அங்கேயே தூங்கிப்போனார். அதற்குப் பின் விடவில்லை. 1954இல் ஐயங்காரை சுவிட்சர்லாந்துக்கு வரவழைத்துப் பாடம் கற்றார். தன் சிறந்த வயலின் ஆசிரியர் இவர்தான் என்று பொருள்பட வாசகம் பொறித்த கைக்கடிகாரம் ஒன்றையும் பரிசளித்தார். ஐயங்காருக்கு வயலின் வாசிக்கத் தெரியாது என்பதுதான் இதில் அழகு. 1966இல் வெளியான ஐயங்காரின் புகழ்பெற்ற யோக நூலுக்கு முன்னுரை எழுதியவரும் மெனுயின்தான்.

ஐயங்காரின் குரு திருமலை கிருஷ்ணமாச்சாரி, தன் கடைசி முப்பது, நாற்பது வருடங்களைச் சென்னையில் கழித்தவர். இரண்டு பேரும் ஸ்ரீவைஷ்ணவர்கள். அதாவது ராமானுஜரின் வழி வந்தவர்கள். ராமானுஜர் பிறந்தது 1017இல், ஸ்ரீபெரும்புதூரில்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் சித்திரைத் திருவாதிரையை ஒட்டி ராமானுஜருக்கு உற்சவம் நடக்கும். அங்கே இருக்கும் உற்சவத் திருமேனிக்குத் 'தான் உகந்த திருமேனி' என்று பெயர். ராமானுஜரே பார்த்து, தழுவி, ஏற்றுக்கொண்ட உருவம் என்பது நம்பிக்கை. கைகூப்பி அமர்ந்திருக்கும் கோலம். உட்கார்ந்திருப்பவரைத் தோளில் சுமந்து ஸ்ரீபாதம் தாங்கிகள் நடக்கிறார்கள். வருடக்கணக்காகச் சுமந்தவர்களின் தோளில் காய்த்துப்போன தடிப்பு ஒன்று இருக்கும். மேளக்காரர்களும் நடந்தபடியே வாசிக்கிறார்கள். அந்த ஆச்சாரியரின் வழியில் வந்த ஒருவர் உலகின் பெரிய வயலின்காரருடைய இறுக்கத்தைத் தீர்த்துவைத்தார். அவர் வீதியில் வாசிப்பவரின் தோளுக்கு இன்றைக்கும் கோடாலித் தைலம்தான்.

*

முதலில் மூச்சு.

நாகஸ்வரத்தின் உடல் ஆச்சா மரம். அடியில் விரிந்த பகுதி அணசு. மேலே கெண்டை என்கிற உலோகக் குழாய், அதன் முனையில் சீவாளி. சீவாளி காவிரிக் கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்வது, அதற்குப் பேர்போன ஊர் திருவாவடுதுறை. இரண்டு மெல்லிய தட்டைகளுக்கு நடுவே இருக்கும் கீற்று போன்ற இடைவெளிதான் காற்றுக்கு வழி. நாயனக்காரர்கள் சொல்வது: காற்று போதாமல் மூச்சு முட்டுவதில்லை, உள்ளே இருக்கிற காற்று வெளியே போக வழியில்லாமல்தான் முட்டுகிறது. இரட்டை நாக்கு வாத்தியம் வாசிப்பவர்கள் உலகம் முழுக்க இதையேதான் சொல்கிறார்கள். பழைய காற்று நெஞ்சில் தங்கியிருக்கும்போதே புதுக்காற்றை எடுக்க வேண்டியிருக்கும். மார்பும் வயிறும் இறுகிக் கழுத்து நரம்பு புடைக்கும். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் சிவாஜி கணேசன் கழுத்தால் நடித்தார் என்று நம் தாத்தாக்கள் வியந்தார்களே, அது மிகை இல்லை. அந்தப் படத்துக்கு உண்மையில் வாசித்த மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களைப் பார்த்தால் அவர் அதை எங்கிருந்து எடுத்தார் என்று புரியும்.

இதில் ஒரு பழைய ஆபத்து உண்டு. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமாஸினி 1700இல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி எழுதிய புத்தகம்தான் தொழில்சார் மருத்துவத்தின் தொடக்கம் என்பார்கள். மூச்சை அடக்கிப் பாடுகிறவர்களுக்கும் ஊதுகிறவர்களுக்கும் குடலிறக்கம் வருவதை அவர் அதில் குறித்தார். சுரங்கத் தொழிலாளியையும் குயவரையும் பாடகரையும் ஒரே அட்டைக்குள் வைத்தார் என்பது எனக்கு அதைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. கலையை ஒரு வேலையாகப் பார்த்ததால்தான் அதில் வரும் வலி அவர் கண்ணில் பட்டது. நாம் கலையைத் தெய்வீகம் என்று சொல்லியே வலியை மறைத்துவிடுகிறோம். 'அசுர சாதகம்' என்ற சொல்லைப் பாருங்கள். விரல் வீங்க, உதடு வெடிக்க வாசிப்பதற்கு நாம் கொடுத்திருக்கும் பாராட்டுப் பெயர் அது.

நாயனத்தில் இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பதற்கு மூச்சும் ஒரு காரணம். ஒருவர் இழுத்து நிறுத்தி மூச்சு வாங்கும்போது மற்றவர் அந்த இடைவெளியை நிரப்புவார். கேட்பவருக்கு இசை அறுபடாது. இது பெரிய கண்டுபிடிப்பு. ஓய்வை இசைக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

ஓய்வே இல்லாத ஒருவர் அந்தக் குழுவில் இருந்தார். ஒத்துக்காரர். ஒத்து என்பது பார்க்க நாகஸ்வரம் மாதிரியே இருக்கும், ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளைகள் கிடையாது. சுருதி மட்டும்தான். கச்சேரி தொடங்கி முடிகிறவரை ஒரே ஒரு ஸ்வரம். அது ஒரு நொடியும் அறுபடக் கூடாது. அதனால் ஒத்துக்காரர் கன்னங்களில் காற்றைத் தேக்கிவைத்து, கன்னத்தை அழுத்தி அந்தக் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே, அதே நேரத்தில் மூக்கால் உள்ளே இழுப்பார். வெளியே போவது வாயில், உள்ளே வருவது மூக்கில். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் டிஜெரிடூ ஊதுவதும் இப்படித்தான். அதைக் கற்றுக்கொடுக்க இன்று ஆன்லைன் வகுப்புகள் இருக்கின்றன. நம் ஒத்துக்காரர் சாமி புறப்பாட்டில் மணிக்கணக்காக அதைச் செய்தார். அவருக்கு ஆலாபனை இல்லை, கைதட்டல் இல்லை. பெரும்பாலும் குழுவில் இளையவர், கற்றுக்கொள்ள வந்த பையன், அல்லது வேறு வேலைக்கு ஆகாத பெரியவர்.

ஒத்து இன்று அநேகமாகக் காணாமல் போய்விட்டது. முதலில் துருத்தி வைத்த சுருதிப் பெட்டி வந்தது. பிறகு, 1970களின் இறுதியில், பெங்களூரில் புல்லாங்குழல் வாசிக்கத் தெரிந்த பொறியாளர் ஜி. ராஜ் நாராயண் மின்னணு சுருதிப் பெட்டியைக் கொண்டுவந்தார். இப்போது அது ஒரு கைபேசிச் செயலி. ஓர் இயந்திரம் ஒரு மனிதரின் வேலையைப் பறித்துவிட்டது என்று வருத்தப்படத் தோன்றும். எனக்கு முழுசா வருத்தம் வரவில்லை. ஒரே ஸ்வரத்தை மூன்று மணி நேரம் ஊதுவதை எந்த மகன் தன் மகனுக்கு விட்டுப்போக ஆசைப்பட்டிருப்பான்?

ஆனாலும் அந்த மூச்சு வித்தை அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது என்பதும் உண்மை.

*

திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வருகிற இடம் இது. அவரைப் பற்றிய கதைகளுக்குப் பஞ்சமில்லை. கிராப்பு வைத்துக்கொண்டார், கோட்டு போட்டார், ஷூ போட்டார், ஜமீன்தார்களைக் காக்கவைத்தார். இதையெல்லாம் திமிர் என்று சிரித்துக்கொண்டே சொல்வது வழக்கம். நான் அதை உடம்பின் அரசியல் என்றுதான் பார்க்கிறேன். சட்டை போடாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்று வாசி என்று சொன்ன ஒரு சமூகத்தில், ஒரு மனிதர் தன் உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்பதைத் தானே முடிவு செய்தார். மேடையில் மற்ற வித்வான்களுக்குச் சமமாக உட்கார்ந்தார்.

வாத்தியமும் மாறியது. அதுவரை புழக்கத்தில் இருந்த திமிரி நாயனம் குட்டையானது, சுருதி தூக்கலாக இருக்கும். கூட்டத்துக்கும் வெட்டவெளிக்கும் அதுதான் சரி. ராஜரத்தினம் பிள்ளை நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தைப் பிரபலமாக்கினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி, சுத்த மத்யமம் சரியாக விழும்படி அளவுகளை மாற்றி, 1955 வாக்கில் அவருக்காகச் செய்த நாயனம்தான் இன்றைய வாத்தியத்துக்கு முன்மாதிரி. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாரி நாயனத்தில் துளைகளுக்கு இடையே தூரம் அதிகம், கையை இன்னும் நீட்ட வேண்டும், வாத்தியமும் கனம். நடந்துகொண்டே மூன்று வீதி வாசிப்பதைவிட உட்கார்ந்து ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் விரிப்பதற்குத் தோதான வாத்தியம். வாய்ப்பாட்டு கற்றவர் என்பதால் பாடுகிற மூச்சை நாயனத்தில் கொண்டுவர அவர் ஆசைப்பட்டார். அதற்கு உட்கார வேண்டியிருந்தது.

இதே காலத்தில் இன்னொரு நிகழ்ச்சி. சுயமரியாதை இயக்கத்தினர் திரும்பத் திரும்பச் சொல்வது. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண ஊர்வலம். மதுரை சிவக்கொழுந்து வாசிக்கிறார். தோளில் துண்டு. பெரிய மனிதர்கள் முன்னால் தோளில் துண்டு போடக் கூடாது, எடு என்கிறார்கள். வியர்வை துடைக்க வைத்திருக்கிறேன் என்கிறார் அவர். பட்டுக்கோட்டை அழகிரி குறுக்கே வந்து, எடுக்காதே, வாசி என்று சொல்லிவிட்டார். வியர்வையைத் துடைத்துக்கொள்ள ஒரு துண்டு. அவ்வளவுதான் கேள்வி. ஒரு கையில் நாயனத்தைப் பிடித்துக்கொண்டு, வழிகிற வியர்வையோடு உதட்டில் சீவாளியை நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று வாசித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

*

இனி தோள்.

நாயனம் உட்கார்ந்தபோது தவிலும் உட்கார்ந்தது, மேடையில் மட்டும். கோயிலிலும் கல்யாணத்திலும் தவில் இன்னும் தோளில்தான் தொங்குகிறது. பலாமரத்தைக் குடைந்த உடல், இரண்டு பக்கமும் தோல். வலது கை விரல்களில் துணியும் பசையுமாகச் சுற்றிக் காயவைத்த கூடுகள், இடது கையில் பூவரசங்குச்சி. முன்பெல்லாம் தோல் வாரால் இழுத்துக் கட்டுவார்கள். இப்போது இரும்பு வளையம், போல்ட், நட்டு. ஸ்பேனர் வைத்துத் திருகினால் நாதம் எகிறும், மழைக்கும் இறங்காது. ஆனால் வாத்தியத்தின் எடை கூடிவிட்டது. பத்து கிலோவுக்கு மேல் இருக்கும் ஒரு வாத்தியம், ஒரே வாரில், ஒரே தோளில். எடை ஒரு பக்கம் இழுக்க, முதுகெலும்பு மறுபக்கம் வளைந்து ஈடுகட்டும். அந்த வளைவில் இருந்துகொண்டேதான் இரண்டு கையும் முழுவேகத்தில் அடிக்க வேண்டும்.

சரி, போல்ட்டும் நட்டும் என்றவுடன் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஞாபகம் வராமல் இருக்குமா? இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் முதல் காரை வெளியே விட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் வந்தது. இன்று வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகிற சாலையே கண்டெய்னர் லாரிகளின் சாலைதான். இந்தக் கம்பெனிகளில் உடல் நிலைக்கென்று ஒரு தனி விஞ்ஞானம் இருக்கிறது. எதை எந்த உயரத்தில் வைக்க வேண்டும், ஒருவர் எத்தனை தடவை குனியலாம் என்பதற்குக் கணக்கு போடுவார்கள். அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வகுத்த சூத்திரம் இதில் பிரபலம். எல்லாம் சரியாக இருந்தால் 23 கிலோ வரை தூக்கலாம் என்று தொடங்கி, உடம்பைத் திருப்பினால் இவ்வளவு கழி, அடிக்கடி தூக்கினால் இவ்வளவு கழி என்று இறங்கிக்கொண்டே வரும். நின்று வேலை செய்பவர்களுக்கு, இடைவெளி கிடைக்கும்போது உட்கார வசதி செய்துதர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44வது பிரிவு சொன்னது. கடைகளில் நாள் முழுக்க நிற்கும் ஊழியர்களுக்கு அந்த உரிமை வர 2021 ஆனது. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கை கட்டாயம் என்றார்கள். 'அங்காடித் தெரு' வந்து பதினோரு வருடம் கழித்து.

மேளக்காரரை இப்படிப்பட்ட கணக்குக்குள் யாரும் கொண்டுவருவதில்லை. அவர் வேலை செய்யும் இடம் வீதி.

சுங்குவார்சத்திரம் பக்கத்தில் தவில் வாசிக்கிற அண்ணன் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். வாரநாளில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்த வேலை. முகூர்த்த நாள் வந்தால் ஷிஃப்டை மாற்றிக்கொள்வார். வடதமிழ்நாட்டில் மேளம் வாசிக்கிறவர்களில் மருத்துவர் சமூகத்தினர் நிறையப் பேர் உண்டு, இவரும் அப்படித்தான். இவருடைய தாத்தா சுளுக்கு எடுப்பார், தைலம் காய்ச்சுவார், முடி வெட்டுவார், நாயனமும் வாசிப்பார். ஊரின் வலியையெல்லாம் எடுத்த குடும்பம்.

"தோள் வலிக்காதாண்ணே?"

"வலிக்காம இருக்குமா தம்பி? கம்பெனியில இந்த வெயிட்ட தூக்கணும்னா ட்ராலி குடுத்துடுவான். இங்க யாரு குடுப்பா? வாசிக்கும்போது தெரியாது. மறுநாள் காலையில பல்லு விளக்கக் கை தூக்க முடியாது."

மூச்சைப் பற்றிக் கேட்டேன். தவிலுக்கு என்ன மூச்சு என்று சிரிப்பார் என நினைத்தேன். சிரிக்கவில்லை. "ஃபரன் அடிக்கும்போது மூச்சப் புடிச்சுக்குவேன். தீர்மானம் வெச்சப்புறம்தான் விடுவேன். அப்படிச் செய்யக் கூடாதுன்னு எங்க வாத்தியார் சொல்லுவாரு. சொல்லு வாயில ஓடணும், அப்ப மூச்சு தானா போகும்பாரு."

வாத்தியார் சொன்னது எனக்கு எஃப்.எம். அலெக்ஸாண்டரை ஞாபகப்படுத்தியது. 1869இல் டாஸ்மேனியாவில் பிறந்தவர், மேடையில் கவிதை ஒப்பிக்கும் கலைஞர். திடீரென்று தொண்டை கட்டிக்கொள்ள ஆரம்பித்தது, மருத்துவருக்கும் பிடிபடவில்லை. கண்ணாடி முன்னால் நின்று மாதக்கணக்காகத் தன்னையே கவனித்தார். பேசத் தொடங்குகிற அந்தக் கணத்தில் தலையைப் பின்னால் சாய்த்து, குரல்வளையை அழுத்தி, வாயால் காற்றை உறிஞ்சுகிறோம் என்று கண்டார். அதைத் திருத்திக்கொண்டார், குரல் திரும்பியது, ஒரு முறையே பிறந்தது. புதிதாக ஒன்றைச் செய்வதல்ல, செய்துகொண்டிருக்கிற ஒன்றை விடுவதுதான் அவருடைய பாடம். 1904இல் லண்டன் போனார். இன்று இசைக் கல்லூரிகள் பலவற்றில் அது சொல்லித்தரப்படுகிறது. 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு ஒன்றில், நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 579 பேரில், 24 பாடம் எடுத்தவர்களுக்கு நான்கு வாரத்தில் வலியுள்ள நாட்கள் சுமார் 3 ஆக இருந்தன. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 21. அவர்கள் இசைக்கலைஞர்கள் இல்லை, பொதுவான நோயாளிகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாகஸ்வரமும் தவிலும் மூன்று வருடப் படிப்பு. அதில் இந்த வாத்தியார் சொன்னது மாதிரியான ஒரு பாடத்தை, தோள், இடுப்பு, மூச்சு என்று முறையாக வைத்தால் என்ன செலவாகிவிடப்போகிறது?

அண்ணனிடம் கடைசியாக ஒரு யோசனை சொன்னேன். அணிவகுப்பில் டிரம் வாசிப்பவர்கள் இரண்டு தோளிலும் ஏறுகிற மாதிரிப் பட்டை போடுகிறார்கள், எடை நடு உடம்பில் இறங்கும், தவிலுக்கும் அப்படி ஒன்று தைக்கலாமே என்று. செல்போனில் படம் காட்டினேன். வாங்கிப் பெரிதுபடுத்தி, பக்கவாட்டில் திருப்பியெல்லாம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. வலியும் கொறையும். ஆனா தம்பி, இத மாட்டிக்கிட்டு சாமி முன்னாடி போய் நின்னா பேண்டு வாத்தியக்காரன்னு சொல்லிடுவாங்களே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தோல் பட்டையில் செய்தால் எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.